வள்ளத்துக் குட்டிச்சாத்தான்கள்: கடலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புது ஆள் ஏறிய வள்ளத்தில் முதல் அரைமணிக்குள் நான்கு காரியம் நடந்துவிடும். ஒழுங்காகச் சுருட்டி வைத்த கயிறு சிக்காகிக் கிடக்கும். நேற்றுவரை ஒரே இழுப்பில் பிடித்த எஞ்சின் கிழவனைப் போல இருமும். பக்கத்தில் வைத்த கத்தியைக் காணோம். எந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தாலும் தண்ணீர் அந்தப் பக்கமே வந்து அடிக்கும்.

இதற்கெல்லாம் ஒரு பொறுப்பாளி வேண்டுமே! வட ஜெர்மனி மாலுமிகள் கிளபாட்டர்மான் என்று ஒரு குட்டிப் பூதத்தை வைத்திருந்தார்கள். மஞ்சள் உடுப்பு, கம்பளித் தொப்பி, வாயில் சுங்கான், கையில் பலகை இடுக்கை அடைக்கும் சுத்தியல். கப்பலுக்கு நல்லது செய்கிற ஆள்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் கப்பலின் கதை முடிந்தது என்பார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். மலையாளக் கரையை ஒட்டி வாழ்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில் குட்டிச்சாத்தானைத் தெரியாதவர் யார்? அந்த இனத்திலேயே கடலுக்கு இறங்கிய சில கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் பெயர்களெல்லாம் சும்மா விளையாட்டுக்கு வைத்தவை. தொல்லைகள் நிஜம், மருந்தும் நிஜம்.

முப்பதடி ஃபைபர் வள்ளம், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், நான்கைந்து பேர், காலையில் போய் மதியம் திரும்புகிற தொழில். இதை மனதில் வைத்துத்தான் எல்லாம் சொல்லப்படுகிறது.

தக்கைவிழுங்கி

வள்ளத்தின் பின்பக்க அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். கரையில் ஏற்றிய பிறகு உள்ளே நிற்கும் தண்ணீர் வடிவதற்காக. அதை அடைக்கும் தக்கையைத்தான் இவன் விழுங்குவான். நாலு பேர் சேர்ந்து ‘ஏலோ’ போட்டுத் தள்ளி, அலையைத் தாண்டி, மூச்சு வாங்கி உட்காரும்போது கால் நனையும். சில வள்ளங்களில் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒன்றும் தெரியாது. வலை விட எஞ்சினை அணைத்ததும் தண்ணீர் அமைதியாக உள்ளே ஏறும். அதுதான் மோசம்.

தக்கை இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காதீர்கள், விரலால் தொட்டுப் பாருங்கள். விடியுமுன் இருட்டில் கண் பொய் சொல்லும். தக்கையை ஒரு முழக் கயிற்றில் கட்டி ஓட்டைக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாகத் தொங்கவிட வேண்டும். மாற்றுத் தக்கை ஒன்று எஞ்சின் சாமான் பெட்டியில் கிடக்கட்டும். இரண்டும் இல்லாத நாளில் துணியைச் சுற்றிய மரத்துண்டு போதும். மரம் ஊறி உப்பிப் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் கோருவதற்கு ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை வாய்ப்பக்கம் மூடியிட்டு, அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினால் நல்ல கோரி கிடைக்கும். கைப்பிடி ஏற்கெனவே இருக்கிறது. அதையும் கட்டித்தான் வைக்க வேண்டும். கோரி மிதக்கும் பொருள். காற்றடித்தால் அது உங்களை விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடும். தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கி நின்றால் குறுக்குச் சட்டங்களின் அடியிலுள்ள துளைகளைப் பாருங்கள். மீன் செதிலும் பீடித்துண்டும் அடைத்திருக்கும்.

மூச்சடைப்பான்

எஞ்சினுக்குள் குடியிருப்பவன். இவனைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கடலில் கேட்கிற வசவில் பாதி இவனுக்குத்தான் போகிறது.

முதலில் கரையில் செய்ய வேண்டியது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் எரிபொருளில் எண்ணெய் கலக்க வேண்டும். எஞ்சினின் கையேட்டில் 50-க்கு 1 என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. பாதி பெட்ரோலில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள். குத்துமதிப்பாக ஊற்றும் பழக்கம்தான் மூச்சடைப்பானுக்குப் போடும் பந்தி. எண்ணெய் கூடினால் புகையும், பிளக்கில் கரியும் வரும். குறைந்தால் பிஸ்டன் உரசிச் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். முன்னது எரிச்சல், பின்னது கடன்.

ஏறியதும் எஞ்சினை வள்ளத்தோடு இறுக்கும் இரண்டு திருகுகளையும் கையால் முறுக்கிப் பாருங்கள். அதிர்வில் தளரும். நாற்பது கிலோவுக்குப் பக்கம் எடையுள்ள எஞ்சின் கழன்று விழுந்தால் பிடிக்க முடியாது. அதற்காகவே ஒரு காவல் கயிறு கட்டியிருக்க வேண்டும்.

இனி, இயக்கும் வரிசை:

1. எரிபொருள் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்கவும்.
2. குழாயின் இரு முனையும் ‘டிக்’கென்று மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கவும்.
3. ரப்பர் பல்பின் அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். கல்லாக இறுகும்வரை அமுக்கவும்.
4. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சினை அணைக்கும் நிறுத்துவிசையின் கிளிப் மாட்டியிருக்கிறதா? அதன் கயிறு ஓட்டுகிறவரின் கையிலோ சட்டையிலோ கட்டியிருக்கிறதா?
5. கியர் நியூட்ரலில்.
6. எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை இழுக்கவும்.
7. இழுகயிற்றை மெல்ல இழுத்து, தடை தட்டும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஓங்கி இழுக்கவும்.

ஏழாவதற்கு முன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எஞ்சின் இழுக்கிறவரின் முழங்கை போகும் பாதையில்தான் புது ஆள் எப்போதும் நிற்பார்.

பிடித்து, ஐந்து நிமிடம் ஓடி, அலைக்கு நடுவில் அணைந்தால்? பல்பைப் பாருங்கள். அது சப்பிப்போய்க் கிடந்தால் காற்றுத் திருகைத் திறக்கவில்லை என்று பொருள். டேங்குக்குள் காற்றுப் போகாமல் எரிபொருள் எப்படி வரும்? இந்த ஒரு திருகுக்காக எஞ்சினைப் பிரித்துப் போட்டவர்கள் நம் கரையில் ஏராளம்.

ஆறேழு இழுப்பு இழுத்தும் பிடிக்காமல் பெட்ரோல் வாடை மட்டும் வந்தால், உள்ளே அளவுக்கு மீறி எரிபொருள் சேர்ந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை நன்றாகத் திறந்து, ஐந்தாறு முறை இழுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். பிளக் ஸ்பேனர், மாற்றுப் பிளக் இரண்டு, ஒரு துண்டு உப்புத்தாள். இந்த மூன்றும் மூடி இறுகிய டப்பாவில் இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. பிளக்கை மாட்டும்போது முதலில் விரலால் முறுக்குங்கள். எடுத்ததும் ஸ்பேனர் போட்டால் மரை கோணிவிடும், அப்புறம் மூச்சடைப்பானுக்குக் கொண்டாட்டம்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால் கூடுதலாக ஒரு சடங்கு. பெட்ரோலில் இயக்கி, எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அணைப்பதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு வர வேண்டும். மறந்தால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மண்ணெண்ணெய் குளிரில் எளிதாக ஆவியாகாது. அடுத்த முறை தோள்பட்டை கழலும்வரை இழுக்க வேண்டியதுதான்.

ஓடும்போது எஞ்சினின் பின்புறத்திலிருந்து ஒரு தண்ணீர்ப் பீய்ச்சல் வரும். சின்னப் பிள்ளைகள் அதற்கு என்ன பெயர் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அது நின்றால் உடனே அணையுங்கள். தண்ணீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம், பீய்ச்சும் துளையில் மணல் அடைத்திருக்கலாம். தூண்டிலுக்குப் போடும் தடித்த தங்கூசி நரம்பைத் துளையில் விட்டுக் குத்தினால் பெரும்பாலும் திறந்துவிடும். அப்படியும் வராவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கிறது. அது கரையில் மெக்கானிக்கின் வேலை.

தண்ணீருக்குள் சுழன்று வள்ளத்தைத் தள்ளும் காத்தாடியில் வலையோ கயிறோ சுற்றினால்: அணை, கிளிப்பைக் கழற்று, எஞ்சினைத் தூக்கிச் சாய், சுற்றின திசைக்கு எதிராகக் காத்தாடியைச் சுழற்றி அவிழ். நியூட்ரலில் ஓடிக்கொண்டிருக்கும்போது கையை விடுகிறவர் விரல் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாதவராக இருக்க வேண்டும்.

சிக்குச்சாத்தான்

கயிறு தானாகச் சிக்காகாது என்று கரையில் இருப்பவர்கள் சொல்வார்கள். ஆகும். காரணம், முறுக்கித் திரித்த கயிற்றுக்குள் ஒரு திருகல் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. வலமுறுக்குக் கயிற்றை இடப்பக்கமாகச் சுருட்டினால் அந்தத் திருகல் கோபித்துக்கொண்டு கண்ணி கண்ணியாக வெளியே வரும். கடிகார முள் சுற்றும் திசையில் சுருட்டுங்கள். இன்னும் நல்லது, கூடைக்குள் எட்டு வடிவத்தில் இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போடுவது. ஒரு பக்கம் ஏறிய முறுக்கு மறுபக்கத்தில் இறங்கிவிடும்.

கயிற்றின் கடைசி முனையை முதலில் வள்ளத்தில் கட்டிவிட்டுத்தான் கூடையில் இறக்க வேண்டும். நங்கூரத்தைக் கம்பீரமாக வீசி, பின்னாலேயே முழுக் கயிறும் போவதை வாய் பிளந்து பார்க்கும் காட்சி இந்த ஒரு முடிச்சு இல்லாததால் வருவது. புதுக் கயிறு அடங்காவிட்டால், ஆளில்லாத கடலில் நாற்பது ஐம்பது பாகத்தை (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) வள்ளத்தின் பின்னால் வெறுமனே இழுத்துக்கொண்டு ஓடுங்கள். முறுக்கு தானே கழன்றுவிடும்.

சிக்கு விழுந்துவிட்டதா? முனையைத் தேடி நுழைத்து இழுக்காதீர்கள். சிக்கை மடியில் வைத்து, நாலா பக்கமும் வெளிப்புறமாகத் தளர்த்தி, பெரிய வட்டமாக விரியுங்கள். இறுகியதைத் தளர்த்தினால் பாதி தானாகவே உதிரும். கோபத்தில் இழுத்தால் கத்திதான். கத்தியோ ஏற்கெனவே காணாமல் போயிருக்கும்.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். கயிறு ஓடும்போது வளையத்துக்குள் கால் இருக்கக் கூடாது. வலையோடு சேர்ந்து ஆளும் போவது அப்படித்தான்.

எச்சில்காரன், குமட்டி

எச்சில்காரன் தண்ணீர் தெறிப்பவன். வேடிக்கை பார்க்கலாம் என்று புது ஆள் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் போய் உட்காருவார். முழுக்க நனையும் இடமும், அதிகம் தூக்கிப்போடும் இடமும் அதுதான். காய்ந்த இடம் பின்னால், எஞ்சின் பக்கம், அங்கே புகை. தண்ணீரா புகையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். விடியற்காலையில் கரைக்காற்று முதுகில் வீசும்போது எச்சில்காரன் தூங்குவான். மதியம் கடல்காற்று எழும்பியதும் வேலைக்கு வருவான். ஆகவே மாற்றுத் துணியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் முடிந்து வையுங்கள். கடல்தண்ணீரில் நனைந்த சட்டை காய்ந்த மாதிரி தோன்றும், சாயங்காலம் மறுபடி நசநசக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பதுதான் காரணம். நல்ல தண்ணீரில் அலசாமல் அது காயவே காயாது.

குமட்டி வயிற்றில் ஏறுபவன். முந்தின இரவு பொரோட்டாவும் சால்னாவும் அடித்துவிட்டு வருகிறவர்தான் அவனுக்குப் பிடித்தமான ஆள். அவித்த மரச்சீனிக்கிழங்கோ இட்லியோ கொஞ்சமாக. வெறும் வயிறும் வேண்டாம். வள்ளத்தின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்து, தூரத்தில் கடலும் வானமும் தொடும் கோட்டையோ மலையையோ பாருங்கள். செல்போனைப் பார்த்தால் தொலைந்தீர்கள். கண் ‘அசையவில்லை’ என்கிறது, காது ‘ஆடுகிறது’ என்கிறது. இந்தச் சண்டையில்தான் வயிறு புரளுகிறது. மாத்திரை போடுவதானால் மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்ட மாத்திரை மீனுக்குத்தான் போகும். அது தூக்கம் வரவைக்கும் என்பதால் எஞ்சின் ஓட்டுகிறவருக்கு ஆகாது.

எந்தப் பக்கம் குனிவது? காற்று உங்கள் முதுகில் படும் பக்கம். தவறினால் வள்ளத்தில் உள்ள எல்லோரும் உங்களை வாழ்நாள் முழுக்க நினைவு வைத்திருப்பார்கள்.

கைநழுவி

கத்தி, ஸ்பேனர், மூக்குக்கண்ணாடி, தீப்பெட்டி, சாவி. இவன் உண்ணும் வரிசை அது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தர நம் கரையில் அந்தோணியார் இருக்கிறார். ஆனால் இருபது பாகம் ஆழத்தில் விழுந்த ஸ்பேனருக்கு அவரைத் தொந்தரவு செய்வது நியாயமில்லை. சவேரியார் கதையும் உண்டு. இந்தோனேசியத் தீவுக் கடலில் அவர் கைச் சிலுவை விழுந்துவிட, கரையில் ஒரு நண்டு அதை இடுக்கியில் தூக்கி வந்து கொடுத்தது என்பார்கள். முதுகில் சிலுவைக் குறியோடு நம் வலையிலும் விழுகிறதே சிலுவை நண்டு, அதன் குறிக்கு இந்தக் கதையைத்தான் காரணம் சொல்வது வழக்கம். நமக்கு அந்த நண்டு ஒரு திருகாணிகூடத் திருப்பித் தந்ததில்லை.

ஆகவே கட்டுங்கள். கத்திக்கு இரண்டு முழக் கயிறு, பிடிக்குப் பளிச்சென்ற செம்மஞ்சள் பெயின்ட். சாவிக்கொத்தில் வலை மிதப்பு ஒன்று. மிதக்கிறதா என்று வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள், கடலில் சோதிக்க வேண்டாம். எஞ்சினைப் பிரிக்கும்போது கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டால் விழுகிற நட்டு அங்கேயே நிற்கும்.

பாறைப்பிடியன், பார்நகர்த்தி

பார் என்பது கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டு. அதில் நங்கூரம் போட்டால் பாறைப்பிடியன் கொம்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். நம் பக்கம் கட்டிடக் கம்பியை வளைத்துச் செய்யும் நங்கூரம் இதற்காகவே. பலமாக இழுத்தால் கொம்பு நிமிர்ந்து வெளியே வரும், கரையில் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். கனமான நங்கூரம் என்றால் கயிற்றை அதன் அடிப்பக்கத்தில், கொம்புகள் சேரும் இடத்தில் கட்டி, தண்டின் மேல்வளையத்தோடு மெல்லிய நூலால் சேர்த்து வையுங்கள். சாதாரணமாக நூல் தாங்கும். சிக்கினால் நூல் அறுந்து, நங்கூரம் தலைகீழாக எளிதில் வந்துவிடும். விடும் கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் நங்கூரம் தரையில் படுக்காமல் தத்தித் தத்தி வரும்.

பார்நகர்த்தி, நேற்று மீன் கிடைத்த பாரை இன்று வேறிடத்தில் வைப்பவன். அவனுக்கு எதிராகத்தான் கணியம். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு அடையாளம், ஒரு கோயில் கோபுரமும் அதற்குப் பின்னே ஒரு மலைமுகடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு திசையில் அதே மாதிரி இன்னொரு ஜோடி. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார். கோடுகள் ஏறத்தாழ செங்குத்தாக வெட்டினால் துல்லியம் கூடும். புதியவர்கள் செய்யும் தப்பு, தென்னையையும் பச்சை பெயின்ட் அடித்த வீட்டையும் அடையாளம் வைப்பது. தென்னை விழும், வீட்டுக்காரர் நீலம் அடிப்பார். மருந்துவாழ்மலை எங்கும் போகாது. ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், பேட்டரியும் கைநழுவியின் சாப்பாட்டுப் பட்டியலில் உண்டு.

புது ஆளைச் சீண்டும் வேலை எல்லாக் கடலிலும் நடப்பதுதான். ஆங்கிலேயக் கப்பல்களில் வலப்பக்கப் பச்சை விளக்குக்குப் பச்சை எண்ணெய் வாங்கி வரச் சொல்லி அனுப்புவார்களாம். இங்கே யாராவது “மக்கா, அந்த நீவாட்டுல ஒரு வாளி கோரிக்கொண்டா” என்றால் சிரித்துவிட்டு உட்காருங்கள். நீவாடு என்பது கடலுக்குள் ஓடும் நீரோட்டம். அதை வாளியில் கோர முடியாது. ஆனால் வலை எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து நீவாட்டைச் சொல்லக் கற்றுக்கொண்டால், அந்தச் சீண்டல் அன்றோடு நிற்கும்.

கரைபிடிக்கும்போது

இங்கே சாத்தான் பெயரெல்லாம் வேண்டாம். அலையடிக்கும் கரையில் இறங்குவதும் ஏறுவதும்தான் நாளின் ஆபத்தான பத்து நிமிடம். அலைகள் கூட்டமாக வரும், இடையில் சற்று ஓயும். அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று ஐந்து பத்து நிமிடம் எண்ணிப் பாருங்கள். பெரிய கூட்டம் கடந்ததும், உடைந்த அலையின் முதுகில் ஒட்டிக்கொண்டே உள்ளே வர வேண்டும். அதை முந்தினால் மூக்கு குத்தும், பிந்தினால் அடுத்தது முதுகில் ஏறும். எதற்கும் அலைக்குப் பக்கவாட்டைக் காட்டக் கூடாது. தரை தட்டுமுன் எஞ்சினைத் தூக்கிவிட வேண்டும். ஓட்டுகிறவர் சொல்லாமல் புது ஆள் குதிக்கக் கூடாது, குதித்தால் வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவில் நிற்கவே கூடாது. தேங்காய்ப்பட்டணம் போல முகத்துவாரத்தில் மணல் சேரும் துறைமுகங்களில் உள்ளூர்க்காரர் வழி காட்டாமல் நுழையாதீர்கள்.

காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறி வருவதற்கு நம் கரையிலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்று பெயர். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறுகின்றன. கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். மீனவர் வைத்த அந்தச் சொல்லை 2012-இல் யுனெஸ்கோவே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. இன்று அரசின் எச்சரிக்கைகளிலும் அதே பெயர்தான். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு வானிலை எச்சரிக்கையோடு விளையாட்டு இல்லை. உயிர்காப்புச் சட்டையை மூட்டைக்குத் தலையணையாக வைக்காமல் உடம்பில் போடுங்கள். கடலோரக் காவல்படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் செல்போனில் சேமித்தால் மட்டும் போதாது. ஈரம் படாத அட்டையில் எழுதி வள்ளத்திலும் ஒட்டுங்கள்.

கரையேறிய பின்

எஞ்சினை நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். தக்கையைக் கழற்றுங்கள், அது கயிற்றிலேயே தொங்கட்டும். காற்றுத் திருகை மூடுங்கள். கையில் மண்ணெண்ணெய் வாடை போக முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட வேண்டும். நேரே சோப்புப் போட்டால் வாடை சோறு வரைக்கும் கூட வரும்.

இரவு படுத்தால் கட்டில் ஆடும். பாத்ரூமில் கண்ணை மூடித் தலையில் தண்ணீர் ஊற்றினால் சுவர் சாய்ந்து வரும். காது இன்னும் கடலிலேயே இருக்கிறது. கரைக்கு வந்து சேர அதற்கு ஓர் இரவோ ஒரு நாளோ பிடிக்கும். இந்தக் கடைசிக் குட்டிச்சாத்தானுக்கு மருந்து கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியுங்கள்.